வலப்பக்கத்தில் விட்ட இடம்

நாற்காலியில் நான் பாதியில்தான் உட்காருவேன். இடது பாதி எனக்கு, வலது பாதி என் காவல் தூதருக்கு. பஸ்ஸிலும் கோவில் பெஞ்சிலும் படுக்கையிலும் இதே ஏற்பாடுதான். சிறு வயதில், முதன்முதலாக நற்கருணை பெறும் புது நன்மைக்கு முன் எங்களுக்கு மறைக்கல்வி சொல்லித் தந்த கன்னியர் ஒருவர், "சம்மனசானவர் உன் வலது பக்கத்தில் இருக்கிறார், இடம் விட்டு உட்கார்" என்றார். அப்போது எல்லோரும் சம்மனசு என்றுதான் சொல்வோம். காவல் தூதர் என்பது பின்னால் பழகிய சொல். அந்த வகுப்பில் முப்பது பிள்ளைகள் இருந்தோம். மற்றவர்கள் ஒரு வாரம் இடம் விட்டார்கள். எனக்கு வயது எழுபத்து நான்கு, இன்னும் விட்டுக்கொண்டிருக்கிறேன்.

என் மனைவி பிலோமினாவுக்கு இதில் பெரிய மனக்குறை. டத்தோ கிராமாட்டில் எங்கள் வீட்டு அறை சிறியது. கட்டிலைச் சுவரோடு ஒட்டித்தான் போட முடியும். சுவர் ஓரம் அவள், அடுத்து நான், என் வலது பக்கம் காலி. "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இந்தக் கட்டில்ல மூணு பேரு. அவருக்கு மெத்த, எனக்குச் செவரு" என்று விருந்தாளிகளிடமும் சொல்வாள்.

மருத்துவமனையில் இருந்த நாட்களைப் பற்றிப் பங்கு இதழுக்கு எழுதித் தரும்படி நம் பங்குத்தந்தை கேட்டார். இந்த இடம் விடும் பழக்கத்தைச் சொல்லாமல் அந்தக் கதையைச் சொல்ல முடியாது. அதனால்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன். சிரிப்பவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளலாம்.

நான் துறைமுகத்தில் சரக்கை எண்ணிக் கணக்கு எழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணியே காலம் போனது. வேலை போன பிறகும் எண்ணும் புத்தி போகவில்லை. மாடிப்படி, மின்கம்பம், பூசைக்கு வந்த தலைகள் என்று எதையாவது எண்ணிக்கொண்டிருப்பேன். காலைச் செபம் முடிந்ததும் மணிக்கட்டில் விரல் வைத்து நாடித்துடிப்பை எண்ணுவதும் அப்படி ஒரு பழக்கம்.

ஒரு நாள் காலை அந்தக் கணக்கு வரவில்லை. ஐந்தாவது துடிப்பும் ஆறாவதும் ஒட்டிக்கொண்டு வந்தன. ஏழாவது வரவே இல்லை. பிறகு மூன்று நான்கு ஓடி வந்தன. திரும்ப எண்ணினேன், வேறு தொகை வந்தது. மறுபடி எண்ணினேன், இன்னொரு தொகை. என் நெஞ்சுக்குள் ஒரு கள்ளக் கிராணி உட்கார்ந்து கணக்கைக் குழப்புவதுபோல் இருந்தது. பயந்துபோய்ப் பிலோமினாவை எழுப்பினேன்.

"கோப்பி குடிச்சிட்டு எண்ணுங்க, சரியா வரும்" என்றாள். குடித்துவிட்டு எண்ணினேன். வரவில்லை. அவள் என் கையைப் பிடித்துத் தானும் பார்த்தாள். முகம் மாறியது. பாயான் பாருவில் இருக்கும் எங்கள் மகள் ரீத்தாவுக்கு உடனே போன் செய்தாள். ரீத்தா மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். அன்று லீவு சொல்லிவிட்டு வந்தாள்.

"ஏம்ப்பா, எத்தன நாளா இப்படி?"

"இன்னைக்குத்தான். தலைவலி மட்டும் ரெண்டு வாரமா இருக்கு. அது கண்ணாடி சரியில்லாததால."

"கண்ணாடிய அப்புறம் பாக்கலாம். கெளம்புங்கலா, மொதல்ல."

மருத்துவமனையின் அவசரப் பிரிவில் காத்திருப்பவர்களை எண்ண ஆரம்பித்து, புதிது புதிதாக ஆட்கள் வந்ததால் பாதியில் விட்டுவிட்டேன். நெஞ்சிலும் கைகால்களிலும் ஒயர்களை ஒட்டி இ.சி.ஜி. எடுத்தார்கள். ஓடி வந்த காகிதத்தைப் பார்த்ததுமே என்னை வார்டில் சேர்த்துவிட்டார்கள். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகத் துடிப்பதை விட்டுவிட்டு நடுங்கிக்கொண்டிருக்கின்றனவாம். அப்படி நடுங்கும்போது ரத்தம் அங்கே தேங்கிக் கட்டியாகலாம். கட்டி மூளைக்குப் போய்ச் சேர்ந்தால் பக்கவாதம். இதையெல்லாம் விளக்கியவர் ஷாமினி என்ற இளம் டாக்டர். நம் பிள்ளைதான், பொறுமையாகத் தமிழில் சொன்னார்.

"ரத்தம் ஒறையாம இருக்க ஒரு மருந்து குடுக்கப் போறோம் அங்கிள். கிட்னி எப்படி இருக்குன்னு ரத்தத்துல பாத்துட்டு நாளைக்குச் சாயந்திரம் ஆரம்பிக்கலாம். ஒங்களுக்கு வயித்துல புண்ணு, ரத்தக் கசிவு எதாச்சும் இருந்திருக்கா?"

"இல்ல."

"சமீபத்துல எங்கயாச்சும் விழுந்தீங்களா?"

"இல்லவே இல்ல."

அது உண்மை. நான் விழவில்லை. ஒரு மாதத்துக்கு முன் ஞாயிறு பூசையில் என் வலது பக்கத்துக் காலி இடத்தில் வைத்திருந்த பாட்டுப் புத்தகம்தான் பெஞ்சுக்கு அடியில் விழுந்தது. வலப்பக்கமாகக் குனிந்து எடுத்துவிட்டு நிமிரும்போது முன் பெஞ்சின் பலகையில் தலை நங்கென்று மோதியது. பூசை முடிந்ததும் பிலோமினா, "அந்த எடத்துல ஆளு இருந்திருந்தா புத்தகத்தப் புடிச்சிருப்பாருல்ல?" என்று கேலி செய்தாள். வீக்கம் இரண்டு நாளில் வடிந்துவிட்டது. டாக்டர் கேட்டபோது அது நினைவுக்கே வரவில்லை. வந்திருந்தாலும் அதை விழுந்த கணக்கில் சேர்த்திருக்க மாட்டேன்.

வார்டில் எனக்கு அடுத்த கட்டில் காதர் பாயுடையது. சோறும் குழம்பும் விற்கும் நாசி கண்டார் கடை வைத்திருப்பவர், என்னைவிட ஆறு வயது சின்னவர். இதயக் குழாயில் அடைப்பு. மருத்துவமனைச் சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டு, "இந்தக் கொழம்பக் கடையில ஊத்துனா நாளைக்கே கடைய மூடிருவாங்க" என்று தள்ளி வைப்பார். பிறகு முழுவதையும் சாப்பிட்டுவிடுவார்.

முதல் நாளே அவர் என்னைக் கவனித்துவிட்டார்.

"என்னாண்ணே, இவ்வளவு பெரிய கட்டில்ல ஓரத்துல தொத்திக்கிட்டுக் கெடக்குறீங்க? அந்தப் பக்கம் மூட்டப்பூச்சியா?"

அவரிடம் எப்படியோ சொல்ல முடிந்தது. இடத்தைப் பற்றியும் அதில் இருப்பவரைப் பற்றியும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"ஒங்களுக்கு ஒருத்தர்தானா?"

"ஒரு ஆளுக்கு ஒருத்தர்."

"எங்களுக்கு வலது தோள்ல ஒருத்தர், எடது தோள்ல ஒருத்தர். மலக்குமாருங்க. நல்லத ஒருத்தர் எழுதுவாரு, கெட்டத ஒருத்தர் எழுதுவாரு." தோளை லேசாகத் தட்டிக்கொண்டார். "கடையில கூட்டம் வந்துட்டா எடது தோள்காரருக்குத்தான் வேலை ஜாஸ்தி."

"எண்ணுறவங்களா?"

"எழுதுறவங்கன்னா எண்ணித்தான ஆகணும்? ஒங்க ஜாதி ஆளுங்கண்ணே, கிராணிங்க" என்றார். அந்த வார்டில் நான் முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான்.

கட்டிலின் வலப்பக்கம் ஒரு நாற்காலி இருந்தது. அதில் யாரையும் உட்கார விடவில்லை. ரீத்தாவை இடது பக்கம் நிற்க வைத்துப் பேசினேன். தண்ணீர்க் கோப்பை, செபமாலை, கைப்பேசி எல்லாம் இடப்பக்கம். சாப்பாட்டுத் தட்டை வலப்பக்கமாக வைத்தால் இழுத்து இடப்பக்கம் வைத்துக்கொள்வேன். காலை ஷிப்டில் வரும் கோமதி மிஸ்ஸி இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். இந்த ஊரில் நர்ஸை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுகிறோம்.

"அங்கிள், நடுவுல வந்து படுங்க. விழுந்துருவீங்க" என்று என்னை இழுத்துவிடுவார். அவர் அந்தப் பக்கம் போனதும் நான் மெல்ல ஓரத்துக்கு வந்துவிடுவேன். மூன்றாவது முறை இழுத்துவிட்டபோது மிஸ்ஸி என் வலது கையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் டாக்டர் ஷாமினியோடு திரும்பி வந்தார்.

என் இரண்டு கைகளையும் நீட்டச் சொன்னார் டாக்டர். விரலைப் பிடித்து அழுத்தச் சொன்னார். ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்துக் கடிகாரம் வரையச் சொன்னார். வரைந்தேன். பன்னிரண்டு எண்களும் இருந்தன. இருந்தும் அவருக்குத் திருப்தி இல்லை.

"அங்கிள், வலது பக்கம் ஏன் போகவே மாட்டேங்குறீங்க? சாமான்லாம் இந்தப் பக்கமே வச்சிருக்கீங்க?"

காதர் பாய் தொண்டையைக் கனைத்தார். நான் அவரை ஒரு பார்வை பார்த்தேன்.

"ஒண்ணுமில்ல டாக்டர். சும்மா, பழக்கம்."

"வீட்லயும் இப்படியா?"

"பழக்கந்தான்" என்றேன் மறுபடியும்.

இருபத்தெட்டு வயதுகூட இருக்காது அந்தப் பிள்ளைக்கு. கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பும் கையில் கடிகாரப் படமுமாக நிற்கும் ஒருவரிடம், அங்கே சம்மனசு படுத்திருக்கிறார் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. புத்தி பிசகிவிட்டது என்று எழுதிவிடுவாரோ என்றும் பயம்.

சில பேருக்கு மூளையில் பாதிப்பு வந்தால் உடம்பின் ஒரு பக்கத்தையும் அந்தப் பக்கத்தில் இருக்கும் பொருட்களையும் மூளை கவனிக்காமல் விட்டுவிடுமாம். தட்டில் பாதிச் சோற்றை மட்டும் சாப்பிடுவார்களாம். எனக்கும் அப்படி இருக்கலாம் என்று டாக்டர் சந்தேகப்பட்டார். மருந்தைத் தொடங்கும் முன் தலையை ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் காதர் பாய் பிடித்துக்கொண்டார்.

"ஏண்ணே சொல்லல?"

"சிரிப்பாங்க பாய்."

"நான் கடையில அத்தன பேரு முன்னாடி முசல்லாவ விரிச்சுத் தொழுவேன். நீங்க ஒரு நாக்காலிக்கு வெக்கப்படுறீங்க. அவரு மனசு என்னா பாடுபடும்?"

அதற்குள் தள்ளுவண்டி வந்துவிட்டது.

ஸ்கேன் வலிக்காது. பெரிய வளையம் ஒன்றுக்குள் தலையை நுழைத்துப் படுக்க வைக்கிறார்கள். அது சுற்றிச் சுற்றிப் படம் எடுக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பலகை ஒருவருக்குத்தான் போதும். நடுவில் படுக்க வைத்து நெற்றியில் பட்டை போட்டு அசையாதீர்கள் என்று சொல்லிவிட்டார்கள். வலப்பக்கம் இடமே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். இடத்துக்காகவும் சொன்னேன், பழக்கம் என்று சொன்னதற்காகவும் சொன்னேன்.

மதியம் டாக்டர் வந்தபோது பிலோமினாவும் ரீத்தாவும் இருந்தார்கள். டாக்டர் நேராக விஷயத்துக்கு வந்தார். மண்டையோட்டுக்கு உட்புறம், மூளையின் மேல் உறைக்கு அடியில் ரத்தம் சேர்ந்திருக்கிறது. புதிது அல்ல, சில வாரங்களாக மெல்லக் கசிந்து சேர்ந்த பழைய ரத்தம். வயதானவர்களுக்கு மூளை கொஞ்சம் சுருங்கி, அங்கிருக்கும் சின்னக் குழாய்கள் இழுபட்டு நிற்கும். சாதாரண அடியே அவற்றைக் கிழித்துவிடும்.

"தலையில எங்கயாச்சும் இடிச்சுக்கிட்டீங்களா அங்கிள்?"

நான் வாயைத் திறப்பதற்குள், "கோயில் பெஞ்சு!" என்றாள் பிலோமினா.

டாக்டர் தலையாட்டினார். "இது வலது பக்கம் இருக்கு. நான் தேடுனது எடது பக்கம். வலது பக்கத்த ஒருத்தர் கவனிக்கலன்னா எடது மூளையிலதான் கோளாறு இருக்கணும். ஒங்களுக்கு அங்க ஒண்ணுமே இல்ல. ஒங்க பழக்கத்துக்கும் இந்த ரத்தத்துக்கும் சம்பந்தமே இல்ல."

"அந்த மருந்து?" என்று ரீத்தா கேட்டாள்.

"சாயந்திரம் குடுக்கறதா இருந்துச்சு. குடுத்திருந்தா இந்தக் கசிவு நிக்காம பெருசாயிருக்கும்." ரீத்தா என் காலைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை மண்டையில் சிறு துளை போட்டு அந்த ரத்தத்தை வடித்துவிடுவது என்று முடிவானது. வயதையும் இதயத்தையும் வைத்துப் பார்த்தால் ஆபத்து இல்லாமல் இல்லை என்றும் சொன்னார்கள். நான் பயந்துவிட்டேன். பயத்தை மறைக்கக் கூரையில் இருந்த சதுரப் பலகைகளை எண்ணினேன், ஒவ்வொரு முறையும் தொகை தவறியது. பிலோமினா நான்கு தடவை என் போர்வையைச் சரிசெய்தாள். அதை மட்டும் சரியாக எண்ணினேன். மாலையில் பங்குத்தந்தை வந்து நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசி நோயில்பூசுதல் தந்தார். காதர் பாய் தன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, முடியும் வரை தலைகுனிந்திருந்தார்.

காலையில் என்னைத் தள்ளிக்கொண்டு போக வந்தபோது காதர் பாய்தான் வண்டியை நிறுத்தினார்.

"அண்ணே, என்னோட ரெண்டு பேர்ல ஒருத்தரத் தொணைக்கு அனுப்பவா? எடது தோள்காரரக் கூட்டிட்டுப் போங்க. எனக்கும் கொஞ்ச நேரம் லீவு கெடைக்கும்." உடனே காதைத் தொட்டுக்கொண்டார். "தமாசுக்குச் சொன்னேன், அல்லாஹ் மன்னிக்கணும்." பிறகு இரண்டு கைகளையும் ஏந்தி எனக்காகத் துஆ கேட்டார். வண்டி கதவைத் தாண்டும்வரை அவருடைய கை இறங்கவில்லை.

கண் விழித்தபோது தலையில் கட்டு, அந்தக் கட்டுக்குள்ளிருந்து கீழே போகும் ஒரு குழாய், அதன் முனையில் ஒரு பை. தலையணை கிடையாது. தட்டையாக, அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்றார்கள். என்னைக் கட்டிலின் சரியான நடுவில் போட்டிருந்தார்கள். முதல் கவலை அதுதான் வந்தது. வலப்பக்கம் கையால் துழாவினேன். கட்டிலில் ஓர் ஆளுக்கு இடம் இல்லை. நாற்காலியாவது காலியாக இருக்கிறதா என்று கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்தேன். அதில் பிலோமினா உட்கார்ந்திருந்தாள்.

"அது அவரு எடம்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை, அவளுக்குக் கேட்டது.

"தெரியும். நான் நின்னுக்கிட்டுதான் இருந்தேன். காலையிலேர்ந்து நிக்குறியே, ஒக்காருன்னு அவருதான் எந்திரிச்சு எடம் குடுத்தாரு." என் விரல்களைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள். "இத்தன வருஷமா செவத்தோட ஒட்டிக்கிட்டுக் கெடக்குறேன்ல. அவருக்குத் தெரியாமலா இருக்கும்?"

அவள் அழுதிருக்கிறாள் என்று முகம் சொன்னது. கையை அவளிடமே விட்டுவிட்டேன்.

இரண்டாம் நாள் குழாயை எடுத்தார்கள். தலைவலி போய்விட்டது, கண்ணாடியில் குற்றம் இல்லை. இதயத்துக்கு வேறு மாத்திரை கொடுத்து வேகத்தைக் கட்டுக்குள் வைத்தார்கள். அந்த ரத்த மருந்தை எப்போது தொடங்கலாம் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். நான் அரசாங்க ஓய்வூதியக்காரன் என்பதால் பில்லும் பயமுறுத்தவில்லை. காதர் பாய்க்கும் அடைப்பை எடுத்துவிட்டார்கள். வீட்டுக்குப் போகும்போது, "கடைக்கு வாங்கண்ணே, ரெண்டு நாக்காலி போட்டு வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு ஓரமாகப் படுத்தே பழகிவிட்டது என்று தெரிந்ததும் கோமதி மிஸ்ஸி கட்டிலின் இரண்டு பக்கக் கம்பிகளையும் தூக்கிவிட்டு, "இனிமே எப்படி வேணாலும் படுங்க" என்றார். அவர் கவனித்துப் பார்த்திராவிட்டால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அவருடைய பெயரைச் சொல்லித் தினமும் ஒரு ‘அருள் நிறைந்த மரியாயே’ செபம் சொல்கிறேன்.

என்றாலும் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. ஆறு வாரம் கழித்து மறுபரிசோதனைக்குப் போனபோது டாக்டர் ஷாமினியின் அறையில் நாற்காலியின் இடது பாதியில் உட்கார்ந்தேன். அவர் பார்த்தார். நான் சொல்லிவிட்டேன்.

"டாக்டர், அன்னைக்கு நான் ஒங்ககிட்ட முழுசாச் சொல்லல. இந்த எடம் என் காவல் தூதருக்கு. சின்ன வயசுலேர்ந்து விடுறேன். சொன்னா சிரிப்பீங்கன்னு பழக்கம்னு சொல்லிட்டேன்."

அவர் சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்தார்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா நான் ஸ்கேன் எடுத்திருக்க மாட்டேன் அங்கிள்."

"தெரியும்."

"மருந்தக் குடுத்திருப்பேன்."

"தெரியும் டாக்டர்."

அவர் அந்த வலது பாதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரே குழப்பம். நான் என் தூதரை மறுதலித்தேன். அந்த மறுதலிப்பையே எடுத்து அவர் என்னைக் காப்பாற்றினார். இதை எந்தப் பக்கத்தில் வரவு வைப்பது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. எல்லாம் தற்செயல் என்று சொல்பவர்களோடு சண்டைக்கும் போக மாட்டேன். நன்றி சொல்ல எனக்கு ஓர் ஆள் இருக்கிறார், அது போதும்.

"படம் நல்லா இருக்கு, ரத்தம் முழுசா போயிருச்சு. மூணு மாசம் கழிச்சு வாங்க" என்றார் டாக்டர். நான் கதவருகே போனபோது, "ரெண்டு பேரும்" என்று சேர்த்துக்கொண்டார்.

வெளியே மருந்துக்காகக் காத்திருக்கும் கூடம் நிரம்பி வழிந்தது. பிலோமினா எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். அருகில் போன பிறகுதான் கவனித்தேன். அவளுக்கு அடுத்ததாக ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதற்கும் வலப்பக்கத்தில் இன்னொன்றில் அவள் கைப்பை இருந்தது. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு முழு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அப்போது காலில் மாவுக்கட்டுப் போட்ட ஒருவர், கக்கத்தில் கட்டையோடு தத்தித் தத்தி வந்தார். கைப்பையைக் காட்டி, "அக்கா, இங்க ஆளு இருக்கா?" என்று கேட்டார்.

பிலோமினா என்னைத் தாண்டி எட்டிக் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இருக்காரு தம்பி. அவரு நிப்பாரு, நீங்க ஒக்காருங்க."